ஒரு பழைய நேரோ கேஜ் நீராவி எஞ்சினின் வரலாற்றைத் தேடி எடுப்பது எப்படி

அருங்காட்சியகத்திலோ ரயில் நிலைய வாசலிலோ புது பெயின்ட்டோடு நிற்கும், குறுகிய தண்டவாளத்தில் (நேரோ கேஜ்) ஓடிய குட்டி நீராவி எஞ்சினைப் பார்த்தால் எல்லோரும் முதலில் பக்கத்திலுள்ள பலகையைத்தான் படிப்போம். நானும் ஒரு முறை அப்படிப் படித்துவிட்டு, அதிலிருந்த ஆண்டை நம்பி நான்கு மாதம் அந்த ஆண்டின் பதிவுகளையே புரட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் அது எஞ்சின் செய்யப்பட்ட ஆண்டே இல்லை, பின்னால் மாற்றிய பாய்லரின் ஆண்டு.

அதனால் ஆரம்பத்திலேயே ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். நூறு வருஷம் ஓடிய எஞ்சினில் எல்லா உறுப்புக்கும் ஒரே வயது இருக்காது. பாய்லர் மாறும், சிலிண்டர் மாறும், சக்கரமும் சக்கரங்களை இணைக்கும் இரும்பு ராடும் வேறு எஞ்சினிலிருந்து வந்திருக்கும். இதில் எந்த உறுப்பின் வாழ்க்கையை எஞ்சினின் வாழ்க்கை என்று எடுத்துக்கொள்வது? என் கணக்கில் அது ஃப்ரேம். முன்னிருந்து பின்வரை ஓடும் அந்த இரண்டு கனத்த இரும்புத் தகடுகள்தான் கடைசியாக மாற்றப்படுபவை. மற்றதையெல்லாம் அதோடு சேர்த்துப் பாருங்கள்.

அடுத்து எண்கள். தயாரித்த கம்பெனி கொடுத்த எண் ஒன்று, ரயில்வே கொடுத்த எண் ஒன்று, பாய்லரின் எண் ஒன்று. இவற்றைக் குழப்பிக்கொண்டால் தேடல் அங்கேயே தடம் மாறிவிடும். டார்ஜிலிங் மலை ரயிலின் 19-ஆம் எண் எஞ்சினையே எடுத்துக்கொள்வோம். கிளாஸ்கோவில் ஷார்ப் ஸ்டூவர்ட் கம்பெனி 1889-இல் செய்தது, தயாரிப்பு எண் 3518. தனியார் கம்பெனியாக இருந்த அந்த ரயில்வேயை 1948-இல் இந்திய அரசு வாங்கியது, அப்புறம் இதன் எண் 778 ஆனது. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவுக்கு விற்கப்பட்டு, இண்டியானா மாநிலத்தின் ஹெஸ்டன் அருங்காட்சியகத்தில் வெகுகாலம் இருந்துவிட்டு, 2000-களின் தொடக்கத்தில் இங்கிலாந்துக்குப் போனது. மூன்று கண்டம், இரண்டு ரயில்வே எண். மாறாமல் கூடவே வந்தது 3518 மட்டும்தான். அதனால் எந்த எஞ்சினானாலும் தயாரிப்பு எண்ணைத்தான் முதலில் பிடிக்க வேண்டும்.

அந்த எண் எஞ்சினின் பக்கவாட்டிலுள்ள பித்தளைத் தகட்டில் இருக்கும். ஆனால் தகடு கழற்றக்கூடியது, திருடு போகக்கூடியது, நகல் வார்த்து மாட்டக்கூடியது. அதை மட்டும் நம்பாமல் ராடுகளையும் பாருங்கள். சக்கரங்களை இணைக்கும் ராடின் முனையில், ஆணி நுழையும் தடித்த பகுதியின் பக்கவாட்டில், அச்சு வைத்துக் குத்திய எண்கள் பெரும்பாலும் இருக்கும். மேலே கிரீஸும் பெயின்ட்டும் படிந்து ஒன்றுமே தெரியாது. பொறுப்பாளரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு மண்ணெண்ணெய் நனைத்த துணியால் மெதுவாகத் துடையுங்கள், கம்பி பிரஷ் வேண்டவே வேண்டாம். பிறகு டார்ச்சை நேராக அடிக்காமல், இரும்போடு ஒட்டினாற்போல் பக்கத்திலிருந்து அடியுங்கள். தட்டையாகத் தெரிந்த இடத்தில் பள்ளங்களில் நிழல் விழுந்து ஒவ்வொரு இலக்கமாக எழுந்து வரும், முதல் முறை அதைப் பார்க்கும்போது உடம்பு சிலிர்க்கும். இடப்பக்க ராடில் ஒரு எண்ணும் வலப்பக்கத்தில் வேறு எண்ணும் இருந்தால் பதற வேண்டாம். பணிமனையில் அவசரத்துக்கு வேறு எஞ்சினிலிருந்து கழற்றி மாட்டியிருப்பார்கள், அதுவும் வரலாறுதான், குறித்துக்கொள்ளுங்கள்.

கேஜையும், அதாவது இரண்டு தண்டவாளங்களுக்கு இடையிலுள்ள அகலத்தையும், அளந்துவிடுங்கள். டார்ஜிலிங் பாதை 610 மில்லிமீட்டர், இந்தியாவில் வேறு பல சிறு பாதைகள் 762. காட்சிக்காகப் போட்ட தண்டவாளத்தை மட்டும் நம்பாமல் சக்கரங்களுக்கு உள்ளே இருக்கும் இடைவெளியையும் அளக்கவும், அது கேஜைவிடச் சற்றுக் குறைவாக இருக்கும். எஞ்சின் பிறந்த கேஜிலேயே இப்போதும் இருக்கிறது என்றும் எண்ணிவிடாதீர்கள். வேல்ஸ் நாட்டு டாலிலின் ரயில்வேயில் ஓடும் டக்ளஸ் என்ற எஞ்சினை 1918-இல் இரண்டடி கேஜுக்குத்தான் செய்தார்கள். டாலிலின் பாதை இரண்டடி மூன்று அங்குலம் என்பதால் பின்னால் அதற்கேற்ப அகலப்படுத்தினார்கள்.

எண் கிடைத்ததும் காகிதத்துக்குப் போகலாம். கம்பெனிகள் ஒன்றோடொன்று இணைந்த கதை இங்கே உதவும். ஷார்ப் ஸ்டூவர்ட் 1888-இல் மான்செஸ்டரிலிருந்து கிளாஸ்கோவுக்கு இடம் மாறியது, 1903-இல் மேலும் இரண்டு கம்பெனிகளோடு சேர்ந்து நார்த் பிரிட்டிஷ் லோகோமோட்டிவ் ஆனது. ஆக, தகட்டில் ஊர் பெயரைப் பார்த்தாலே காலம் ஓரளவு தெரிந்துவிடும். நார்த் பிரிட்டிஷ் வரைபடங்களில் பல கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆவணக்காப்பகத்தில் உள்ளன, பேயர் பீகாக் என்ற இன்னொரு எஞ்சின் கம்பெனியின் பதிவுகள் மான்செஸ்டர் அறிவியல் அருங்காட்சியகத்தில். எழுதிக் கேட்கும்போது "இந்த எஞ்சினைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்காதீர்கள். தயாரிப்பு எண், ஆண்டு, ஆர்டர் கொடுத்த ரயில்வே, மூன்றையும் போட்டு ஆர்டர் பதிவேட்டுப் பக்கத்தைக் கேளுங்கள்.

பழைய படங்கள் நல்ல சாட்சி. எண்ணை மட்டும் பார்க்காமல் புகைபோக்கியின் உயரம், தண்ணீர்த் தொட்டியில் ரிவெட் (தகடுகளை இணைக்கும் ஆணி) வரிசை, ஓட்டுநர் அறையின் கூரை வளைவு ஆகியவற்றை ஒப்பிடுங்கள். ஓட்டம் நின்று அருங்காட்சியகம் போன்ற இடத்தில் பாதுகாக்க வந்த பிறகு பழைய எண்ணையே மறுபடி எழுதும் வழக்கம் உண்டு என்பதால் பெயின்ட்டில் உள்ள எண் காலத்தைச் சொல்லாது, ரிவெட் சொல்லும்.

ஓய்வுபெற்ற ஃபிட்டர், டிரைவர் யாராவது கிடைத்தால் விடாதீர்கள். ஆண்டு கேட்டால் அவர்களுக்குத் தடுமாறும். எந்த எஞ்சின் ஏற்றத்தில் திணறும், எதன் பாய்லரை எதில் மாட்டினீர்கள் என்று கேளுங்கள், அப்புறம் நிறுத்தவே மாட்டார்கள்.

எழுதும்போது ஒரு நோட்டில் ஃப்ரேம், பாய்லர், சிலிண்டர், ராடு ஒவ்வொன்றுக்கும் தனிப் பத்தி போட்டு, ஆண்டுவாரியாக நிரப்புங்கள். ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் தகடா, குத்திய எண்ணா, பதிவேடா, வாய்மொழியா என்று எழுதிவிடுங்கள். இடையில் பத்து வருஷம் காலியாக இருந்தால் ஊகித்து நிரப்பாமல் அப்படியே விடுங்கள், அடுத்த முறை ஷெட்டுக்குப் போகும்போது எங்கே டார்ச் அடிக்க வேண்டும் என்பது அந்த இடைவெளியைப் பார்த்தாலே தெரியும்.