தெருவுக்கு நிழல்: செட்டிநாட்டு வெயிலில் முதல் மரம் வளர்ப்பது எப்படி?

செட்டிநாட்டில் வீடு கட்டியவர்களுக்கு வெயிலைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கனத்த சுவர், வெண்சாந்துப் பூச்சு, வானம் பார்த்த முற்றம், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. கத்திரி வெயிலிலும் வளவுக்குள் வெறுங்காலோடு நடக்கலாம். முகப்பைத் தாண்டித் தெருவில் கால் வைத்தால்தான் அடுப்பு. குளிர்ச்சியை வீட்டுக்குள் கட்டியவர்கள் தெருவை நீண்ட சுவர்களுக்கு நடுவே மொட்டையாக விட்டுவிட்டார்கள். அந்தத் தெருவில் இன்று தாரும் சிமெண்டும் சேர்ந்துகொண்டன. புதிய கான்கிரீட் வீடுகளின் ஏசி, உள்ளே இருக்கும் சூட்டை எடுத்து அதே தெருவில்தான் கொட்டுகிறது.

காரைக்குடியில் என் வீட்டு வாசலில் நான் வைத்த முதல் இரண்டு கன்றுகள் செத்துப்போயின. மூன்றாவதாக வைத்த புங்கன் இன்று மாடிக் கைப்பிடிச் சுவரை எட்டிவிட்டது. அந்த இரண்டும் ஏன் செத்தன என்பதை இடையிடையே சொல்கிறேன்.

1. குழிக்கு முன்னால் நிழலைப் பாருங்கள்

மரம் இரண்டு வழியில் குளிர்விக்கிறது. ஒன்று நிழல்: வெயில் தாரிலும் சுவரிலும் விழுந்தால்தானே அவை சூட்டைக் குடித்து இரவில் கக்கும்? இன்னொன்று, வேர் உறிஞ்சும் நீரை இலை ஆவியாக விடுவது. ஒரு லிட்டர் நீர் ஆவியாவதற்கு ஏறக்குறைய 0.67 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வேண்டும்; அது சுற்றியிருக்கும் காற்றிலிருந்தும் வெயிலிலிருந்தும் போகிறது. மண் காய்ந்துவிட்டால் இலை தன் துளைகளை மூடிக்கொள்ளும். அப்போது நிழல் மட்டும்தான் மிச்சம்.

எனவே நிழல் எங்கே விழ வேண்டும் என்பதே முதல் கேள்வி. நம் ஊர் ஏறத்தாழ 10 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் சற்று வடக்கே சாய்ந்திருக்கும். மே மாதத்தில் பிற்பகல் மூன்று மணி வாக்கில் மரத்தின் நிழல் அதன் உயரத்துக்கே நீண்டு கிழக்கே, கொஞ்சம் தெற்கு ஒதுங்கி விழும். அப்படியானால் எந்தச் சுவரைக் காக்க வேண்டுமோ அதற்கு மேற்கே, சற்று வடமேற்காக மரம் நிற்க வேண்டும். "வடக்குப் பக்கம் வெயில் வராது" என்று வீட்டுக்கு வீடு சொல்வார்கள். வைகாசியில் போய் அந்தச் சுவரைத் தொட்டுப் பாருங்கள்.

ஒரு சாக்குக்கட்டி போதும். கோடையில் ஒரு நாள் மூன்று மணிக்கு வாசலில் நின்று, சூடு அதிகம் ஏறும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தலைக்கு மேல் மின்கம்பி போகிறதா, கீழே குடிநீர்க் குழாய் ஓடுகிறதா என்றும் பாருங்கள். நான் முதல் கன்றை நேர் கம்பிக்கு அடியில் வைத்தேன். மூன்றாம் ஆண்டு மின்பாதை ஊழியர்கள் வந்து தலையை வெட்டினார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? வெட்டிய இடத்தில் அழுகல் இறங்கிப் பட்டுப்போனது.

தெருவோரம் பொது இடம். காரைக்குடி இப்போது மாநகராட்சி, தேவகோட்டை நகராட்சி, கானாடுகாத்தானும் பள்ளத்தூரும் பேரூராட்சிகள். எதுவானாலும் அலுவலகத்தில் ஒரு மனு கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள். நாளை சாலை போடும்போது "இது யார் வைத்தது?" என்று கேட்டால் காட்டுவதற்குக் கையில் ஒரு தாள் இருக்கும்.

2. எந்த மரம்?

ஆரம்பிப்பவருக்கு என் முதல் பரிந்துரை புங்கன். மாசி, பங்குனியில் இலையை உதிர்த்துவிட்டு, கத்திரி தொடங்குவதற்குள் பளபளவென்று புதுத் தளிரோடு நிற்கும். நிழல் அடர்த்தி, வறட்சியைத் தாங்கும். வேம்பும் அப்படியே. மகிழம் மெதுவாக வளரும், ஆனால் ஆண்டு முழுவதும் பச்சை, பொறுமைசாலிகள் வைக்கலாம். பூவரசைப் போத்து வெட்டி நட்டாலே துளிர்க்கும், காசே வேண்டாம். நாவல் நல்ல மரம்தான், பழக்காலத்தில் வாசல் நீலமாகும் என்பதற்குச் சம்மதமென்றால்.

அரசும் ஆலும் தெருவுக்கு வேண்டாம். வேர் சுவரைப் பெயர்க்கும். அவற்றுக்கு ஊருணிக் கரை இருக்கிறது. இலுப்பைக்கும் மருதத்துக்கும் அதுதான் இடம். பிள்ளையார்பட்டிக்கு மருதங்குடி என்று பழைய பெயர் உண்டு, தல மரமும் மருதுதான்.

சிவப்பாகப் பூத்துக் கண்ணைப் பறிக்கும் மயில்கொன்றையை நான் யாருக்கும் சொல்வதில்லை. வெயில் ஏறும் நேரத்தில் இலையில்லாமல் நிற்கும், கிளையும் மென்மை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது முறிந்தும் சாய்ந்தும் கிடந்தவற்றைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டாம்.

3. ஐப்பசிக்குக் காத்திருங்கள்

ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாள். ஊரெங்கும் கன்று நடுவார்கள், படம் எடுப்பார்கள். தென்மேற்குப் பருவமழை பெய்யும் ஊர்களுக்கு அது பொருந்தும். நமக்கு அதன் பிறகுதான் ஆடிக் காற்று, புழுதி. என் இரண்டாவது கன்றும் அப்படியொரு ஜூனில் நட்டதுதான். ஆவணி வரை கூடத் தாங்கவில்லை. நமக்கு மழை வடகிழக்குப் பருவம், அக்டோபர் முதல் டிசம்பர் வரை. புரட்டாசியில் குழி வெட்டி ஆறப்போட்டு, ஐப்பசியில் முதல் நல்ல மழை இறங்கியதும் நடுங்கள். இரண்டு மாதத் தண்ணீரை வானமே ஊற்றிவிடும்.

4. குழி: இதில்தான் பாதி வேலை

மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழம். மேல் ஓரடி மண்ணைத் தனியாக ஒரு பக்கம் குவியுங்கள். அதற்குக் கீழே பல இடங்களில் செம்புறாங்கல் தட்டும். மண்வெட்டி உதவாது, கடப்பாரைதான்.

இங்கே ஒரு வில்லங்கம் உண்டு. செம்புறாங்கல்லில் வழவழவென்று வெட்டிய குழி ஒரு தொட்டி மாதிரி. வேர் சுவரில் முட்டித் திரும்பி உள்ளுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். பார்க்க நன்றாக வளர்ந்து, ஐந்தாம் ஆண்டுக் காற்றில் குடையாகச் சாயும். அதனால் நான்கு பக்கச் சுவரிலும் அடியிலும் கடப்பாரையால் ஆங்காங்கே குத்திப் பிளந்துவிடுங்கள். பிறகு குழி நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். மறுநாள் காலைக்குள் வடிந்திருந்தால் சரி. தேங்கி நின்றால் இன்னும் ஆழமாகக் குத்துங்கள்.

நிரப்புவதற்குத் தனியே வைத்த மேல்மண், அதோடு இரண்டு கூடை மக்கிய தொழுவுரம், ஒரு கிலோ வேப்பம் புண்ணாக்கு. புண்ணாக்கு கறையானுக்காக, நம் செம்மண்ணில் அதற்குப் பஞ்சமே இல்லை. அனுமதியோடு எடுத்த கண்மாய் வண்டல் கிடைத்தால் இரண்டு கூடை சேருங்கள், ஈரம் நிற்கும்.

5. கன்றை வாங்குவதும் நடுவதும்

ஐந்தடி உயரம், கட்டைவிரல் தடிமன் தண்டு. இதைவிடச் சிறியதை ஆடு முடித்துவிடும். நாற்றுப்பண்ணையில் இலையை மட்டும் பார்க்காமல் பையைத் திருப்பி அடியைப் பாருங்கள். தடித்த வேர் பையைக் கிழித்து வெளியே வந்து சுருண்டிருந்தால் அந்தக் கன்று வேண்டாம்.

நடும் நாளில் பையைப் பிளேடால் மேலிருந்து கீழாகக் கீறி முழுவதும் உரித்துவிடுங்கள். பையோடு புதைத்தவர்களும் உண்டு, சிரிக்காதீர்கள். வேர் மண்ணின் விளிம்பில் வட்டமாக ஓடும் மெல்லிய வேர்கள் தெரிந்தால் அவற்றை நறுக்கிவிடுங்கள். ஆணிவேரின் நுனி வளைந்திருந்தால் அந்த வளைவை மட்டும் நீக்குங்கள். தண்டைப் பிடித்துத் தூக்காமல் மண்கட்டியை இரு கையாலும் ஏந்தி இறக்குங்கள். பையில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டம்தான் தரையிலும். ஆழப் புதைத்தால் கழுத்து அழுகும்.

காலால் மெதுவாக மிதித்து, ஒரு முழ தூரத்தில் கம்பு நட்டு, கயிற்றை எட்டுப் போலச் சுற்றித் தளர்வாகக் கட்டுங்கள். கன்று காற்றில் கொஞ்சம் ஆட வேண்டும். ஆடினால்தான் தண்டு தடிக்கும். சுற்றிலும் மூங்கில் கூண்டோ கம்பி வலையோ கட்டாயம். தண்டைச் சுற்றி நான்கடி சதுரம் மண்ணாகவே இருக்கட்டும். சிமெண்ட் போட வருபவர்களிடம் நேரில் நின்று சொல்லாவிட்டால் தண்டு வரை பூசிவிட்டுப் போய்விடுவார்கள்.

6. இரண்டு கோடை

தை பிறந்ததிலிருந்து வாரம் இரு முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு குடம், மாலையில். தினமும் ஒரு சொம்பு ஊற்றுவது கெடுதல், வேர் மேலேயே தங்கிவிடும். வெளியூர் போகிறவர்கள் அடியில் சிறு துளையிட்டுத் திரி செருகிய மண்பானையைக் கன்றின் பக்கத்தில் கழுத்து வரை புதைத்து நிரப்பிவிட்டுப் போகலாம். அரிசி களைந்த நீர் நல்லது. சோப்பு நீரும், ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் உப்பு நீரும் வேண்டாம்.

இரண்டாவது மழைக்காலம் முடிந்ததும் கம்பை எடுத்துவிடுங்கள். மூன்றாம் ஆண்டிலிருந்து அடிக்கிளைகளை ஆண்டுக்கு இரண்டு மூன்றாகக் கவாத்து செய்து, ஆள் தலை இடிக்காத உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். மொத்தமாக மொட்டையடிக்க வேண்டாம்.

பிறகு ஒரு வழக்கு வரும். எனக்கு எதிர்வீட்டு ஆச்சி கொண்டுவந்தார். "தம்பி, உங்கள் மரத்து இலையை நான்தான் தினமும் கூட்டுகிறேன்." உண்மைதான், மாசியில் புங்கன் வாசலையே மூடிவிடும். இப்போது அவர் கூட்டிக் குவிப்பதை நான் கூடையில் அள்ளி மரத்தடிப் பாத்தியில் நான்கு விரல் உயரத்துக்குப் பரப்புகிறேன், தண்டில் படாமல். சித்திரையில் அதை விலக்கிப் பார்த்தால் அடியில் மண் ஈரமாகவே இருக்கிறது. அதனால் வாரம் ஒரு முறை தண்ணீரே போதுமானதாகிவிட்டது.