பழைய ஸ்டெர்லிங் வெள்ளி ஹம்ஸா டாலர்: சோதிப்பதும் துலக்குவதும், முதல்முறை செய்பவர்களுக்கு

கண்ணேறு படாமல் காக்கும் என்று நம்பி அணியும் ஐந்து விரல் கைதான் ஹம்ஸா. முஸ்லிம்கள் ஃபாத்திமாவின் கை என்பார்கள், யூதர்கள் மிரியமின் கை என்பார்கள். அல்ஜீரியாவின் அரசுச் சின்னத்திலேயே இந்தக் கை இருக்கிறது. ஸ்பெயினின் கிரனாடாவில், அல்ஹம்ப்ரா கோட்டையின் நீதி வாசல் வளைவில் 14ஆம் நூற்றாண்டில் கல்லில் செதுக்கியதை இன்றும் பார்க்கலாம்.

பழைய வெள்ளி விற்கும் இடங்களில் அடிக்கடி கண்ணில் படுவது, 1950கள், 60களில் இஸ்ரேலில் செய்த சின்ன டாலர்கள். 1949-50இல் ஏமனிலிருந்து சுமார் 49,000 யூதர்கள் விமானத்தில் இஸ்ரேலுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் வெள்ளிக் கம்பி வேலையில் தேர்ந்த தட்டார்கள் பலர். மொராக்கோவிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கோ ஹம்ஸா தலைமுறை தலைமுறையாகப் பழகிய சின்னம். அந்த இரண்டு மரபும் சேர்ந்த அழகு இந்தச் சின்ன டாலர்களில் தெரியும்.

இப்படி ஒன்று கைக்கு வந்ததும் எல்லோருக்கும் தோன்றுவது, தேய்த்துப் பளபளப்பாக்கிவிடலாம் என்பதுதான். தயவுசெய்து வேண்டாம். துலக்குவது கடைசி வேலை. அந்தக் கருமையிலும் முத்திரையிலும் தேய்மானத்திலும்தான் டாலரின் வரலாறு இருக்கிறது. முதலில் அதைப் படித்துவிடுவோம்.

தேவையானவை: 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், காந்தம், 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு, கண்ணாடி டம்ளர், தையல் நூல், குழந்தைகளுக்கான மென்மையான பல்துலக்கி, வெள்ளி துடைக்கும் துணி.

படி 1: பின்பக்கத்தைப் பாருங்கள்

முத்திரை பெரும்பாலும் பின்பக்கத்தில் இருக்கும், சிலவற்றில் சங்கிலி கோக்கும் வளையத்தில். வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி சாய்த்துப் பிடித்தால் தேய்ந்த எழுத்தும் நிழலில் எழுந்து வரும்.

925 என்றாலும் ஸ்டெர்லிங் என்றாலும் பொருள் ஒன்றே. ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. 800, 900 என்று இருந்தால் அதுவும் வெள்ளிதான், ஆனால் ஸ்டெர்லிங் தரம் இல்லை. ‘மேட் இன் இஸ்ரேல்’ என்று இருந்தால் 1948க்குப் பிந்தியது. ‘மேட் இன் பாலஸ்டைன்’ என்று இருந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தைய பிரிட்டிஷ் ஆட்சிக்காலப் பொருள். அப்படி ஒன்று கிடைத்தால் பத்திரமாக வையுங்கள். நடக்கும் சிங்கம் பொறித்திருந்தால் இங்கிலாந்தில் சோதித்து முத்திரையிட்ட ஸ்டெர்லிங். பக்கத்தில் நங்கூரம் இருந்தால் பர்மிங்காம், சிறுத்தைத் தலை இருந்தால் லண்டன்.

‘அல்பாகா’, ‘ஜெர்மன் சில்வர்’, ‘நிக்கல் சில்வர்’ என்று பொறித்தவற்றில் வெள்ளியே கிடையாது. செம்பு, துத்தநாகம், நிக்கல் கலந்த உலோகம் அது. இ.பி.என்.எஸ். என்றால் அதன் மேல் வெள்ளி முலாம் பூசியது.

முத்திரை இல்லை என்பதற்காக ஒதுக்கிவிட வேண்டாம், கைவேலைப் பொருள்கள் பலவற்றில் முத்திரையே இருக்காது. அதேபோல் 925 என்ற எண்ணை மட்டும் நம்பி வாங்கவும் வேண்டாம், யார் வேண்டுமானாலும் அதை அடிக்கலாம். அதனால்தான் அடுத்த இரண்டு படிகள்.

படி 2: காந்தம்

ஒட்டினால் உள்ளே இரும்பு. ஒட்டாவிட்டால் ஒன்றும் நிரூபணமாகவில்லை, பித்தளையும் செம்பும்கூட ஒட்டாது. கொக்கி வைத்த டாலர் என்றால், கொக்கிக்குள் இருக்கும் சின்ன ஸ்பிரிங் மட்டும் காந்தத்துக்கு அசையலாம். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

படி 3: தண்ணீரில் தொங்கவிட்டு எடை

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. ஒரு கீறல்கூட விழாது, அமிலம் வேண்டாம். கல்லோ எனாமலோ பதிக்காத, உள்ளே கூடு இல்லாத டாலருக்கு மட்டும்தான் பொருந்தும்.

முதலில் டாலரை அப்படியே எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். 4.15 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் தண்ணீர் டம்ளரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். டாலரை நூலில் கட்டி, தண்ணீரில் முழுக்க மூழ்கும்படி, ஆனால் அடியிலும் ஓரத்திலும் படாதபடி தொங்கவிடுங்கள். விரல் இடுக்குகளில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் மெதுவாக ஆட்டிவிடுங்கள். இப்போது தராசு காட்டும் எண்தான் டாலரின் கனஅளவு. 0.40 என்று காட்டினால் 4.15ஐ 0.40ஆல் வகுக்க வேண்டும். விடை ஏறக்குறைய 10.4. ஸ்டெர்லிங்கின் அடர்த்தி 10.3, 10.4 அளவில்தான் இருக்கும்.

இதே எடையுள்ள டாலர் ஜெர்மன் சில்வராக இருந்தால் தராசு 0.48 காட்டும், அடர்த்தி 8.6 அருகே வரும். வித்தியாசம் பளிச்சென்று தெரிந்துவிடும். ஆனால் இவ்வளவு சின்னப் பொருளில் 0.01 கிராம் நடுங்கினாலே விடை 10.1க்கும் 10.6க்கும் இடையே ஊசலாடும் என்பதை மறக்காதீர்கள். சில தடவை எடுத்துச் சராசரி பாருங்கள். 2 கிராமுக்குக் குறைந்த டாலருக்கு இந்த முறையை நம்ப வேண்டாம். அதற்கும் கல் பதித்ததற்கும், எக்ஸ்ரே கருவி உள்ள ஹால்மார்க் மையத்தில் கொடுத்துப் பார்ப்பதே சரி. அந்தக் கருவி மேற்பரப்பைத்தான் படிக்கும். முலாம் சந்தேகம் இருந்தால் தேய்ந்த விளிம்பில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

படி 4: பலவீனமான இடம்

சங்கிலி உரசும் மேல் வளையம்தான் முதலில் தேயும். லென்ஸில் பார்த்தால் உட்புறம் பள்ளமாகி, ஓரிடத்தில் நூல்போல் மெலிந்திருக்கும். அப்படியே போட்டுக்கொண்டு வெளியே போனால் டாலர் எங்கே விழுந்தது என்றே தெரியாது. பற்றவைத்த இடத்தில் மங்கலான சாம்பல் நிறத்தில் திட்டாக ஏதாவது இருந்தால், யாரோ ஈயத்தால் ஒட்டியிருக்கலாம்.

படி 5: துலக்குவது

வெள்ளி கறுப்பது அழுக்கால் அல்ல. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களோடு சேர்ந்து மேலே வெள்ளி சல்ஃபைடு படலம் உண்டாகிறது. அழுத்தித் தேய்க்கத் தேய்க்க அந்தப் படலத்தோடு அடியிலுள்ள வெள்ளியும் கொஞ்சம் போகும்.

வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, பல்துலக்கியால் மெதுவாகத் தடவிக் கழுவித் துணியில் ஒற்றி எடுங்கள். உலர்ந்ததும் வெள்ளித் துணியால் மேடான இடங்களை மட்டும், விரல் நுனி, உள்ளங்கையின் விளிம்பு, நடுவே கண் செதுக்கியிருந்தால் அதன் வரம்பு என்று, லேசாகத் தேய்த்தால் போதும். பள்ளங்களில் கருமை அப்படியே இருக்கட்டும். அந்தக் கருமை இருந்தால்தான் செதுக்கல் கண்ணுக்குத் தெரியும்.

அலுமினியத் தாளும் ஆப்ப சோடாவும் போட்ட சுடுதண்ணீர் முறை பலருக்குத் தெரியும். வேலை செய்யும், கந்தகம் அலுமினியத்துக்கு மாறி வெள்ளி வெளுத்துவிடும். ஆனால் அது மேடு பள்ளம் பார்க்காது. தட்டார் வேண்டுமென்றே ஏற்றிய கருமையையும் சேர்த்து எடுத்துவிடும். வேலைப்பாடில்லாத சங்கிலிக்குச் செய்யுங்கள், ஹம்ஸாவுக்கு வேண்டாம்.

நம் வீடுகளில் வெள்ளிக்குத் திருநீறு போட்டுத் துலக்குவோம். தட்டுக்கும் குங்குமச் சிமிழுக்கும் அது நல்லதுதான். கம்பி வேலைக்குள் போனால் இடுக்கில் வெள்ளையாக அடைத்துக்கொண்டு வரவே வராது. பற்பசையும் அப்படித்தான், கீறலும் போடும்.

உள்ளங்கையில் பச்சையும் நீலமும் கலந்த கல் பதித்திருந்தால் அது எய்லாத் கல்லாக இருக்கலாம். இஸ்ரேலின் தெற்குக் கோடியில், திம்னா செம்புச் சுரங்கப் பகுதியில் கிடைத்த செம்புக் கனிமங்களின் கலவை. புளி, எலுமிச்சை, வினிகர் எதுவும் பட்டுவிடக் கூடாது. கல்லில் உள்ள மாலகைட் என்ற பச்சைச் செம்புக் கனிமம் அமிலத்தில் கரையும். இந்த டாலரைத் தண்ணீரில் ஊறப்போடவே வேண்டாம், ஈரத்துணியால் துடைத்தாலே போதும்.

படி 6: பத்தரிடம் கொடுக்கும்போது

வளையம் மாற்ற வேண்டியிருந்தால் மூன்று விஷயம் தெளிவாகச் சொல்லுங்கள். புது வளையமும் 925ஆக இருக்க வேண்டும். கல்லுக்குச் சூடு போகக் கூடாது. வேலை முடிந்ததும் பாலிஷ் போடக் கூடாது, ஏனென்றால் கேட்காமலே மெஷினில் ஒரு சுற்று காட்டிக் கொடுப்பது பல கடைகளில் வழக்கம். பழைய ஈய ஒட்டு இருந்தால் அதையும் முன்னதாகவே காட்டிவிடுங்கள். ஈயத்தைச் சுரண்டி எடுக்காமல் தீக்காட்டினால் அது வெள்ளிக்குள் இறங்கிக் குழி விழவைக்கும்.

வீட்டுக்கு வந்ததும் மென்மையான பருத்தித் துணியில் சுற்றி, ஜிப் பையில் ஒரு சாக்பீஸோடு போட்டு வையுங்கள். ரப்பர் பேண்ட் மட்டும் போடாதீர்கள். அதில் கந்தகம் இருக்கிறது, பேண்ட் பட்ட இடத்தில் கோடாகக் கறுத்துவிடும்.