பிள்ளையின் பி.எம்.ஐ.யை வீட்டிலேயே கணிப்பது எப்படி?

போன தவணை மகளின் பாடசாலையில் இருந்து ஒரு துண்டு வந்தது. வயது 8, நிறை 21 கிலோ, உயரம் 126 சென்ரிமீற்றர். கணக்குப் போட்டால் பி.எம்.ஐ., அதாவது நிறையை உயரத்தோடு ஒப்பிடும் உடற்திணிவுச் சுட்டி, 13.2 வந்தது. கைத்தொலைபேசியில் தேடினேன். 18.5க்குக் கீழே என்றால் நிறைக்குறைவு என்று கிடந்தது. அம்மம்மா உடனே “பிள்ளைக்குச் சாப்பாடு காணாது” என்று தொடங்கிவிட்டார். எனக்கு அன்றிரவு நித்திரை இல்லை.

பிறகுதான் விளங்கியது, இரண்டு பிழை.

முதலாவது உயரம். இரட்டைப் பின்னலை மடித்துக் கட்டியபடியே அளந்திருக்கிறார்கள். வீட்டில் முடியை அவிழ்த்து, செருப்பில்லாமல், சீமெந்துத் தரையில் சுவரோடு நிற்கவைத்தேன். குதிக்கால், பின்பக்கம், தோள் மூன்றும் சுவரில் முட்ட வேண்டும், பார்வை நேரே. தலைமேல் தடித்த மட்டைக் கொப்பியைச் சுவருக்குச் செங்குத்தாக வைத்துக் கோடு கீறினேன். 122 தான். தையல்காரரின் துணி நாடா இழுபடும். தச்சர் பாவிக்கும் இரும்பு நாடாவையே எடுங்கள்.

நிறைக்கு இலக்கத் தராசு நல்லது. நெல் மூட்டை நிறுக்கும் தராசு வேண்டாம், ஒரு கிலோ பிசகினாலே முடிவு மாறிவிடும்.

கணக்கு லேசு. நிறையை மீற்றரில் உள்ள உயரத்தால் இரண்டு தடவை வகுங்கள்: 21 ÷ 1.22 ÷ 1.22 = 14.1. உயரத்தால் இரண்டு முறை வகுப்பதால்தான் 4 சென்ரிமீற்றர் பிழை ஏறக்குறைய 1 புள்ளியை விழுங்கியது.

இரண்டாவது பிழை என்னுடையது. 18.5, 25 என்பவை பெரியவர்களுக்கான எல்லைகள். பிள்ளைகளின் பி.எம்.ஐ. 1 வயதுக்குப் பிறகு குறைந்துகொண்டு போய், 5, 6 வயதளவில் ஆகக் குறைந்து, பிறகுதான் ஏறும். அதனால் வயதுக்கும், ஆணா பெண்ணா என்பதற்கும் ஏற்ற வரைபில்தான் பார்க்க வேண்டும். 5 முதல் 19 வயது வரைக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் 2007 வரைபு இருக்கிறது. அதில் 8 வயதுப் பெண்பிள்ளைக்கு நடுக்கோடு 15.7. அதற்குக் கீழே விலகிப் போகும் கோடுகளுக்கு -1, -2 என்றும், மேலே விலகுபவற்றுக்கு +1, +2 என்றும் பெயர். -2 கோடு 12.9, அதற்குக் கீழே போனால் மெலிவு. +1 கோடு 17.7, அதற்கு மேலே அதிக நிறை. +2 கோடான 20.6ஐத் தாண்டினால் உடற்பருமன். என் மகளின் 14.1 சாதாரண எல்லைக்குள்தான். அம்மம்மாவுக்கும் வரைபைக் காட்டினேன்.

சரி, -2க்குக் கீழே அல்லது +2க்கு மேலே வந்தால்? நீங்களாக மாவும் சத்துணவும் வாங்கிக் கொடுக்கத் தொடங்காமல், அளவுகளை எழுதிக்கொண்டு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போங்கள். பி.எம்.ஐ. கொழுப்பையும் தசையையும் பிரித்துக் காட்டாது. அவர்கள் பிள்ளையைப் பார்த்துத்தான் சொல்வார்கள்.

பிற்சேர்க்கை: முல்லைத்தீவிலிருந்து ஓர் அக்கா 3 வயது மகனுக்கு இந்த வரைபில் கோடே இல்லை என்று எழுதியிருந்தார். 5 வயதுக்குக் கீழே வரைபு வேறு. பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டில் உள்ள வளர்ச்சி வரைபுகளைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டிக் கேளுங்கள். 2 வயதுக்குக் கீழே என்றால் நிற்கவைத்து அளக்கக்கூடாது, படுக்கவைத்துத்தான் நீளம் எடுக்க வேண்டும்.