பாங்காக்கில் இரவு வெளியே போகும் முன் திரும்பும் வழியைப் பாருங்கள்

பாங்காக்குக்கு மூன்று முறை போயிருக்கிறேன். மூன்று முறையும் கோவையில் என்னோடு படித்த தோழிகள்தான் கூட வந்தார்கள். இந்த மாதம் என் தங்கை முதல்முறையாகக் கிளம்புகிறாள். இரண்டு நாளாக உட்காரவைத்து அவளுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

இரவு எங்கே போகலாம் என்று தேடும் முன்னால், எப்படித் திரும்புவது என்று முடிவு செய்துவிடுங்கள். பி.டி.எஸ். என்ற, மேம்பாலத்தில் ஓடும் நகர ரயில் நள்ளிரவு வாக்கில் நின்றுவிடும். அப்புறம் விடியற்காலை வரை டாக்ஸிதான். பார்கள் நிறைந்த கவ்சான் சாலைப் பக்கம் போனால் அந்த ரயிலே கிடையாது, போக வர இரண்டுக்குமே வண்டி பிடிக்க வேண்டும்.

ஓட்டலை விட்டு இறங்கும்போதே ரிசப்ஷனில் தாய்லாந்து எழுத்தில் முகவரி அச்சிட்ட கார்டு ஒன்று வாங்கிப் பையில் போடுங்கள். போனில் படமும் எடுத்து வையுங்கள். முதல் பயணத்தில் இரவு ஒரு மணிக்கு டாக்ஸிக்காரரிடம் ஆங்கிலத்தில் ஓட்டல் பெயரை மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தோம், அவருக்குப் புரியவில்லை. கார்டைக் காட்டியதும் தலையாட்டிக் கிளம்பிவிட்டார். சுகும்வித் சாலையில் தங்கினால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 'சொய்' என்றால் சந்து. ஒற்றைப்படை எண்கள் ஒரு பக்கம், இரட்டைப்படை எண்கள் மறுபக்கம். ஆனால் 21-க்கு நேர் எதிரே 22 இருக்காது, தள்ளிப் போய்விடும். சாலையைக் கடந்தால் வந்துவிடும் என்று நம்பி இரவில் நடக்காதீர்கள்.

டாக்ஸியின் முன் கண்ணாடியில் சிவப்பு எழுத்து எரிந்தால் வண்டி காலி என்று அர்த்தம். ஏறும் முன்பே 'மீட்டர்' என்று கேளுங்கள். மீட்டர் 35 பாட் (தாய்லாந்துப் பணம்) என்று தொடங்கும். 400, 500 என்று மொத்தமாகப் பேசினால் விட்டுவிட்டு கிராப் அல்லது போல்ட் ஆப்பில் வண்டி போடுங்கள். வண்டி வரும்வரை சாலையோரம் போனைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். அங்கே தெருவுக்குத் தெரு செவன் இலெவன் கடை இருக்கிறது, இரவு முழுக்கத் திறந்திருக்கும். உள்ளே போய் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு வாசல் வெளிச்சத்தில் நில்லுங்கள். நம்பர் பிளேட்டில் தாய்லாந்து எழுத்தைப் படிக்க முடியாவிட்டாலும் எண்களை ஆப்பில் வந்ததோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் ஏற வேண்டும்.

சீலோம் சாலையில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய தமிழர்கள் கட்டியது. இரண்டாவது பயணத்தில் ஒருநாள் மாலை அங்கே கும்பிட்டுவிட்டு அதே சாலையில் நடந்து பட்போங் இரவுச் சந்தைக்குப் போனோம். பிளாஸ்டிக் உறை போட்ட விலைப்பட்டியலைக் காட்டி ஒருவர் கூடவே வந்தார். 'பியர் 100 பாட், உள்ளே நுழைய காசில்லை' என்றார். அவர் காட்டிய பாருக்கு மாடி ஏறினோம். ஆளுக்கு ஒரு பியர், மூன்று பேர். இருபது நிமிடத்தில் பில் வந்தது: 4,200 பாட். அதுவரை யாரும் வாய் திறக்காத 'ஷோ கட்டணம்' அதில் இருந்தது. படிக்கட்டுப் பக்கம் இரண்டு ஆட்கள் வந்து நின்றுகொண்டார்கள். நான் போனை மேசைமேல் வைத்து, சுற்றுலா போலீஸ் எண்ணான 1155-ஐ அழுத்தி அவர்கள் பார்க்கும்படி திருப்பினேன். கொஞ்ச நேரம் முறைத்தார்கள், அப்புறம் 600 பாட் வாங்கிக்கொண்டு விட்டார்கள்.

எங்களுக்கு அது பலித்தது. உங்களை மறித்துக் கை வைக்க வந்தால் வாக்குவாதம் வேண்டாம். கேட்டதைக் கொடுத்துவிட்டு வெளியே வாருங்கள், கடைப் பெயரைப் படம் எடுங்கள், பிறகு 1155-க்குப் பேசுங்கள். ஆங்கிலத்தில் பேசலாம். எல்லாவற்றையும்விட நல்லது, தெருவில் கூப்பிடுகிறவர் பின்னால் மாடி ஏறாமல் இருப்பதுதான். துக் துக் (அந்த ஊர் ஆட்டோ) ஓட்டுநர் 'எனக்குத் தெரிந்த பார்' என்று கூட்டிப்போவதற்கும் இதே பதில்தான்.

இனி குடி விஷயம். கவ்சானில் சின்ன பிளாஸ்டிக் வாளியில் மதுவும் சோடாவும் கலந்து ஸ்ட்ரா போட்டுத் தருவார்கள். எந்த பாட்டிலிலிருந்து ஊற்றினார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. மூடியை உங்கள் கண்முன் திறக்கும் பியர் போதும். கழிவறைக்குப் போனால் கிளாஸைத் தோழி கையில் கொடுங்கள், மேசையில் விட்டுப் போனதைத் திரும்பக் குடிக்காதீர்கள்.

நான் இவ்வளவு கறாராகச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற அதே மெத்தனால் என்ற விஷ ஆல்கஹால், அந்த நவம்பரில் லாவோஸின் வாங் வியெங்கில் வெளிநாட்டுப் பயணிகள் ஆறு பேரைக் கொன்றது. இடையில் ஆகஸ்டில் பாங்காக்கிலேயே தெருவில் விற்கும் 'யாடோங்' என்ற மூலிகைச் சாராயத்தால் பலர் இறந்தார்கள். மெத்தனால் கலந்திருந்தால் குடிக்கும்போது தெரியாது. பன்னிரண்டு மணி நேரம், சில சமயம் ஒரு நாள் கழித்துக்கூடத் தலைவலி, வாந்தி, வயிற்றுவலி, மூச்சுத் திணறல் வரும். கண்முன் பனி படர்ந்ததுபோல் பார்வை மங்கும். முந்தின இரவு குடித்ததன் தலைபாரம் என்று நினைத்துப் படுத்துவிடாதீர்கள். மெத்தனாலாக இருக்குமோ என்று வாய்விட்டுச் சொல்லி உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மாற்று மருந்து இருக்கிறது, நேரத்தோடு போனால் உயிரையும் பார்வையையும் காப்பாற்றலாம். ஆம்புலன்ஸுக்கு 1669.

மின்சிகரெட் அங்கே சட்டவிரோதம். யார் நீட்டினாலும் வாங்காதீர்கள், ஊரிலிருந்தும் கொண்டுபோகாதீர்கள். குடித்த பிறகு வாடகை ஸ்கூட்டர் வேண்டவே வேண்டாம். வாடகை வண்டிக்கு அடகாக பாஸ்போர்ட்டையும் கொடுக்கக் கூடாது. அது தொலைந்தால் சுகும்வித் சொய் 23-இல் உள்ள நம் தூதரகத்துக்கு அலைய வேண்டிவரும்.

சேர்ந்து போனவர்கள் சேர்ந்தே திரும்ப வேண்டும். 'நீ போ, நான் அப்புறம் வருகிறேன்' என்ற பேச்சுக்கே இடம் தரக் கூடாது. நாங்கள் இதைக் கிளம்பும் முன்பே பேசிவைத்துக்கொள்வோம். ஒருத்திக்குத் தூக்கம் வந்தால் எல்லோருக்கும் அந்த இரவு முடிந்தது.

போன் சார்ஜ் போய்விட்டால் எந்த எண்ணும் நினைவுக்கு வராது. அதனால் 1155, 1669, என் எண் மூன்றையும் ஒரு சீட்டில் எழுதித் தங்கையின் பர்ஸில் வைத்திருக்கிறேன். ஓட்டல் கார்டுக்கும் அதன் பின்னால் இடம் விட்டிருக்கிறேன்.