ஷோரூம் சர்வீஸுக்குக் கார் விடுவது எப்படி? முதல் கார் வாங்கியவர்களுக்கு

கோயம்புத்தூர்ப் பக்கம் கார் வைத்திருப்பவர்கள் நாலு பேர் டீக்கடையில் சேர்ந்தால், சர்வீஸில் பில் தீட்டிய கதை ஒன்றாவது வரும். பாதிக் கதை நிஜம்தான். ஆனால் அதில் வில்லன் மெக்கானிக் என்பதை நான் நம்புவதில்லை. ஸ்பேனர் பிடிக்கிறவரை நாம் பார்ப்பதே அபூர்வம். நம்மிடம் பேசுகிறவர் சர்வீஸ் அட்வைசர். பல இடங்களில் அவருக்கு மாத டார்கெட் உண்டு. ஆகவே நாம் கவனிக்க வேண்டியது, என்னென்ன வேலை செய்யப்போகிறார்கள் என்று அவர் எழுதும் தாளான ஜாப் கார்டைத்தான்.

1. கோளாறைக் குறித்து வையுங்கள்

என்ன ஆகிறது என்று மட்டும் சொல்லுங்கள். எதை மாற்றுவது என்று நீங்கள் சொல்ல வேண்டாம். "பிரேக் டிஸ்க் போயிருச்சுங்க, மாத்திருங்க" என்றால் மாற்றிவிடுவார்கள், அவ்வளவுதான்.

திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கிலேயே காலை வைத்து இறங்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பண்ணாரி தாண்டி, பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் நடுங்குகிறது. எந்த வேகத்தில்? மிதித்தால் மட்டுமா, மிதிக்காமலுமா? பெடலிலும் அதிர்வு தெரிகிறதா? மிதிக்காமலே 80, 90 கி.மீ. வேகத்தில் ஆடினால் முதலில் வீல் பேலன்சிங் (சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இருக்கிறதா என்று) பார்க்கச் சொல்லுங்கள், சின்னச் செலவு. மிதிக்கும்போது மட்டும் என்றால் சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தகடான டிஸ்க்கைச் சந்தேகப்படலாம்.

அப்போதும் புது டிஸ்க்தான் என்றில்லை. பல டிஸ்க்குகளில் குறைந்தபட்சத் தடிமன் மில்லிமீட்டரில் பொறித்திருக்கும். கடைந்த பிறகும் அந்த அளவுக்கு மேல் நிற்கும் என்றால் லேத்தில் சமன் செய்து மாட்டலாம். லேத்துக்குப் பஞ்சமில்லாத ஊர் நம்முடையது! அளவுக்குக் கீழே போய்விட்டால் பேச்சே இல்லை, மாற்றியாக வேண்டும். டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பிரேக் பேடும் தேய்ந்து 3 மி.மீ. தடிமன்தான் மீதி என்றால் மிச்சம் பார்க்காதீர்கள்.

சத்தம் என்றால் போனில் பதிவு செய்யுங்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் வரும் சத்தம், எஞ்சின் சூடான பிறகு சர்வீஸ் சென்டரில் வராது. "நல்லாத்தானுங்களே இருக்குது சார்" என்று அனுப்பிவிடுவார்கள்.

2. ஜாப் கார்டைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்

கிலோமீட்டர், பெட்ரோல் அளவு, இருக்கிற கீறல்கள், நீங்கள் சொன்ன கோளாறு, எஸ்டிமேட் எல்லாம் இருக்க வேண்டும். கூடவே இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்: கேட்காமல் கூடுதல் வேலை செய்யக் கூடாது, மாற்றிய பழைய பாகங்களைக் காட்ட வேண்டும். ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

3. போன் வரும், தயாராக இருங்கள்

"சார், இன்ஜெக்டர் கிளீனிங், எஞ்சின் ஃபிளஷ் ரெண்டும் பண்ணிட்டா வண்டி சும்மா பறக்கும்." காரோடு வந்த கையேட்டில் எத்தனை கிலோமீட்டருக்கு எது என்று அட்டவணை இருக்கும். அதில் இல்லை, வண்டியிலும் தொந்தரவு இல்லை என்றால், "இப்ப வேண்டாமுங்க, கார்டுல இருக்கறத மட்டும் பண்ணுங்க" போதும். பிரேக், டயர் என்று சொன்னால் மட்டும் மறுக்காதீர்கள். போட்டோ அனுப்பச் சொல்லுங்கள், முடிந்தால் நேரில் போய்ப் பாருங்கள்.

செக் எஞ்சின் விளக்கு எரிந்திருந்தால் ஸ்கேனரில் வந்த பிழைக் குறியீட்டை எழுதி வாங்குங்கள். பி0300 (P0300) என்றால் மிஸ்ஃபயர், அதாவது எஞ்சினுக்குள் எரிபொருள் சரியாக எரியவில்லை. தீப்பொறி தரும் பிளக்கா, அதற்கு மின்சாரம் தரும் காயிலா என்று அந்தக் குறியீடு சொல்லாது. அதைச் சோதித்துப் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

4. வண்டி எடுக்கும்போது

ஏர் ஃபில்டரின் ஓரத்தில் முன்கூட்டியே மார்க்கரில் ஒரு புள்ளி வைத்திருந்தால், மாற்றினார்களா இல்லையா என்பது மூடியைத் திறந்ததுமே தெரியும். பழைய பாகங்களைக் கேட்டுப் பாருங்கள். வாரண்டியில் மாற்றியதை மட்டும் கம்பெனிக்கு அனுப்ப வைத்துக்கொள்வார்கள். பில்லை எஸ்டிமேட்டோடு வரி வரியாக ஒப்பிட்டுவிட்டு, அப்புறம் பணம். கோளாறு சரியானதா என்று அட்வைசரை உட்காரவைத்து ஒரு சுற்று ஓட்டுங்கள்.

5. ஒத்துவராவிட்டால்

சர்வீஸ் மேனேஜருக்கும் கம்பெனிக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள், வாய்ப்பேச்சு நிற்காது. அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் ஆகவில்லை என்றால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனுப் போடலாம். வக்கீல் கட்டாயமில்லை. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. பிரச்சினை எழுந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். ஜாப் கார்டு, பில், மின்னஞ்சல் நகல்களைச் சேர்த்துக் கொடுங்கள். வேறொரு மெக்கானிக் பார்த்து எழுதிக் கொடுத்த அறிக்கை இருந்தால் அதையும்.