குண்டுப் பூனைக்குத் தீனி வாங்கும்போது நாம் செய்யும் தவறுகள்

பூனை குண்டாகிவிட்டது என்று தெரிந்ததும் நம்மில் பலர் செய்கிற முதல் காரியம், ‘லைட்’ என்று போட்ட ஒரு புதுப் பையை வாங்கி வருவதுதான். நானும் அதைத்தான் செய்தேன். பழைய தீனியை அள்ளிய அதே கப், அதே கை. ‘லைட்தானே, கொஞ்சம் கூடப் போனால் என்ன’ என்று கூடுதலாகவே போட்டிருப்பேன். மூன்று மாதம் கழித்து எடை பார்த்தால் நூறு கிராம் ஏறியிருந்தது. பை மாறியிருந்தது, பூனையின் வயிற்றுக்குள் போன கலோரி மாறவில்லை.

எடை குறைப்புத் தீனி விஷயத்தில் நடக்கிற தவறுகள் பெரும்பாலும் இந்த இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன. எந்தத் தீனி என்று மண்டையை உடைத்துக்கொள்கிறோம். எவ்வளவு என்று கேட்பதே இல்லை.

முன்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குவது

‘லைட்’, ‘இண்டோர்’, ‘கிரெய்ன் ஃப்ரீ’, ‘நேச்சுரல்’ எல்லாம் பையின் முன்பக்கத்துச் சமாச்சாரம். அமெரிக்காவில் ‘லைட்’ என்ற சொல்லுக்கு வரையறை இருக்கிறது. உலர் பூனைத் தீனி ஒன்றை அப்படிச் சொல்லி விற்க வேண்டுமென்றால் கிலோவுக்கு 3,250 கிலோகலோரிக்கு மேல் இருக்கக் கூடாது. ‘கலோரி குறைக்கப்பட்டது’ என்றால் வேறு ஏதோ ஒரு தீனியைவிடக் குறைவு, அவ்வளவுதான். அந்த வேறொன்று படு கொழுப்பான தீனியாக இருந்தால் இதுவும் பெரிதாக ஒன்றும் குறைந்திருக்காது. ‘கிரெய்ன் ஃப்ரீ’க்கும் எடைக்கும் சம்பந்தமே இல்லை. தானியத்தை எடுத்த இடத்தில் உருளைக்கிழங்கோ பட்டாணியோ கொழுப்போ உட்கார்ந்திருக்கும்.

பையைத் திருப்புங்கள். 100 கிராமுக்கு அல்லது கிலோவுக்கு இத்தனை கிலோகலோரி என்று பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கும். சில பைகளில் இருக்காது, நிறுவனத்தைக் கேட்டால் சொல்வார்கள். கேட்டும் சொல்லாத நிறுவனத்தின் தீனியை எடை குறைக்க வாங்காமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

அப்புறம் அந்தப் பையிலேயே ‘இத்தனை கிலோ பூனைக்கு இத்தனை கிராம்’ என்று ஓர் அட்டவணை இருக்கும். அதில் பூனையின் இப்போதைய எடைக்கு நேராகப் பார்த்துப் போடுவது அடுத்த தவறு. பொதுவாக அந்த அட்டவணை, இருக்கிற எடையை அப்படியே காப்பாற்றும் அளவைத்தான் சொல்லும். போதாக்குறைக்குக் கருத்தடை செய்த பூனைக்குக் கலோரித் தேவை குறைந்துவிடும், பசியோ கூடும்.

சரி, எவ்வளவுதான் போடுவது? கால்நடை மருத்துவர்கள் பயன்படுத்தும் சூத்திரத்தைக் கைபேசியிலேயே போட்டுப் பார்க்கலாம். பூனை எட்ட வேண்டிய எடையை மூன்று முறை எழுதி ஒன்றோடொன்று பெருக்கி, இரண்டு தடவை வர்க்கமூலம் எடுத்து, 70ஆல் பெருக்க வேண்டும். ஆறு கிலோ பூனை நாலரை கிலோவுக்கு வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 4.5 × 4.5 × 4.5 = 91. ஒரு வர்க்கமூலம் 9.5, இன்னொன்று 3.09. அதை 70ஆல் பெருக்கினால் 216 கிலோகலோரி. எடை குறைய இதில் சுமார் 80 சதவீதத்தில் தொடங்குவது வழக்கம், அதாவது நாளுக்கு ஏறக்குறைய 173. இது தொடக்கப்புள்ளிதான். உங்கள் பூனைக்கு எது சரி என்று இறுதியாகச் சொல்ல வேண்டியவர் மருத்துவர்.

எட்ட வேண்டிய எடையைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள், விரலால் தடவிப் பாருங்கள். உங்கள் கையை விரித்துப் புறங்கையைத் தடவினால் மெல்லிய தோலுக்கு அடியில் எலும்பு தட்டுகிறதே, நல்ல எடையில் இருக்கும் பூனையின் விலா எலும்புகள் அப்படித்தான் தட்டுப்பட வேண்டும். அழுத்தித் தேட வேண்டியிருந்தால் கொழுப்பு சேர்ந்துவிட்டது. மருத்துவர்கள் இதை ஒன்பது புள்ளி அளவுகோலில் வைத்துப் பார்க்கிறார்கள். ஐந்து சரியான உடல்வாகு, அதற்கு மேல் ஒவ்வொரு புள்ளிக்கும் தோராயமாக 10 முதல் 15 சதவீதம் கூடுதல் எடை. ஆனால் நடக்கும்போது அடிவயிற்றில் தொங்கி ஆடும் தோல்மடிப்பைப் பார்த்துப் பதற வேண்டாம், ஒல்லிப் பூனைக்கும் அது இருக்கும்.

உலர்ந்ததையும் ஈரமானதையும் ஒரே தட்டில் நிறுப்பது

ஈரத் தீனி டப்பாவில் புரதம் 10 சதவீதம், உலர் தீனிப் பையில் 32 சதவீதம். இதைப் பார்த்துவிட்டு உலர் தீனிதான் சத்தானது என்று முடிவு கட்டுபவர்கள் ஏராளம். டப்பாவில் இருப்பதில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர், உலர் தீனியிலோ பத்து சதவீதம்தான் ஈரம். தண்ணீரைக் கழித்துவிட்டுப் பாருங்கள். 78 சதவீதம் ஈரம் உள்ள தீனியில் மிச்சமிருக்கும் 22இல் 10 பங்கு புரதம் என்றால் அது 45 சதவீதம். உலர் தீனியில் 90க்கு 32, அதாவது 36 சதவீதத்துக்குள்தான் வரும். எடை குறைகிற பூனைக்கு இந்த எண் முக்கியம். புரதம் போதாவிட்டால் கொழுப்போடு தசையும் சேர்ந்து கரையும்.

வயிறு நிறையும் விஷயத்திலும் இதே தண்ணீர்தான் உதவுகிறது. அந்த 173 கிலோகலோரியை எடுத்துக்கொள்ளுங்கள். 100 கிராமுக்கு 380 இருக்கும் உலர் தீனியில் அது 45 கிராம். கிண்ணத்தின் அடி மறையும், அவ்வளவுதான். 100 கிராமுக்கு 85 இருக்கும் ஈரத் தீனியில் 200 கிராம் வரும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த அன்றுதான் எங்கள் வீட்டுப் பூனை ஏன் காலி கிண்ணத்தை நக்கிக்கொண்டே நின்றது என்று எனக்குப் புரிந்தது. ஈரத் தீனி எல்லோருக்கும் கட்டுப்படியாகாது, சில பூனைகள் அதைச் சீண்டவும் செய்யாது. அப்படியானால் நார்ச்சத்தும் புரதமும் கூடிய எடை குறைப்பு உலர் தீனியைப் பாருங்கள், அல்லது ஒரு வேளையை மட்டும் ஈரமாக்குங்கள். கலந்து கொடுத்தால் இரண்டின் கலோரியையும் கூட்ட மறக்கக் கூடாது. உலர் தீனிக்கு ‘மேலே’ ஈரத் தீனி என்று சேர்ந்துகொண்டே போகும் வீடுகள் உண்டு.

கப்பை நம்புவது

ஒரு சோதனை செய்து பாருங்கள். வழக்கமான கப்பில் வழக்கம்போல் அள்ளி, சமையலறைத் தராசில் நிறுத்துங்கள். இன்னும் இரண்டு முறை அதேபோல. எனக்கு வந்தது 41, 47, 52 கிராம். மூன்றுமே என் கண்ணுக்கு ‘ஒரு கப்’தான். மனிதனுக்கு ஐந்து கிராம் ஒன்றுமில்லை, நாளுக்கு 45 கிராம் தின்னும் பூனைக்கு அது ஒன்பதில் ஒரு பங்கு. தினம் ஐந்து கிராம் கூடினால் வருடத்துக்கு 1.8 கிலோ உலர் தீனி கூடுதலாக உள்ளே போகிறது. காலையில் அன்றைய பங்கை நிறுத்து ஒரு டப்பாவில் போட்டுவிடுங்கள், யார் எப்போது கொடுத்தாலும் அந்த டப்பாவிலிருந்து மட்டும்.

பழைய தீனியையே பாதியாகக் குறைப்பது

கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் சாதாரணத் தீனியில் வைட்டமின், தாது, புரதம் எல்லாம் அதன் முழு அளவைச் சாப்பிட்டால் போதுமானபடி கலக்கப்பட்டிருக்கின்றன. பாதியாக்கினால் கலோரியோடு அவையும் பாதியாகும். எடை குறைப்புக்கென்று மருத்துவர் எழுதித் தரும் தீனியில் ஒவ்வொரு கலோரிக்கும் இந்தச் சத்துகளைக் கூட்டி வைத்திருப்பார்கள். கொஞ்சம்தான் குறைக்க வேண்டும் என்றால் வழக்கமான தீனியிலேயே சமாளிக்கலாம். கிலோக்கணக்கில் குறைய வேண்டிய பூனைக்கு அது ஒத்துவராது.

பட்டினி போடுவது

இதைத் தவறு என்று சொல்வதே குறைவு. ‘புதுத் தீனியைத் தொடவில்லையா, பசித்தால் தானாகச் சாப்பிடும்’ என்ற பேச்சு நாய்க்கு வேண்டுமானால் பொருந்தும். குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தால் உடம்பில் உள்ள கொழுப்பு மளமளவென்று ஈரலுக்கு வந்து சேரும். அந்த அளவைச் செலவழிக்க ஈரலால் முடியாமல் அதன் செல்களுக்குள்ளேயே கொழுப்பு அடைந்துவிடும். ஈறும் கண்ணும் மஞ்சளாகும், வாந்தி, எச்சில் வடிதல், சோர்வு என்று போய், கவனிக்காவிட்டால் உயிரே போகலாம். எவ்வளவு குண்டோ அவ்வளவு ஆபத்து. ஒரு முழு நாள் எதையும் தொடாத பூனைக்கு மருத்துவரைக் கூப்பிடுங்கள், மறுநாள் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

அதனால்தான் தீனியை ஒரே நாளில் மாற்றக் கூடாது. முதலில் கால் பங்கு புதியது, முக்கால் பங்கு பழையது, பிறகு பாதிப்பாதி என்று ஏழு முதல் பத்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள். முகர்ந்து பார்த்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும் பூனை என்றால் இன்னும் மெதுவாக. ஈரத் தீனியைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்ததும் வைக்காமல் வெதுவெதுப்பாக்கி வைத்தால் வாசனை எழும்பும், பல பூனைகள் அதற்கே இறங்கி வரும்.

வேகத்திலும் பேராசை கூடாது. வாரத்துக்கு உடல் எடையில் அரை முதல் ஒரு சதவீதம் குறைந்தால் நல்லது, ஆறு கிலோ பூனைக்கு 30 முதல் 60 கிராம். ஒன்றரைக் கிலோ இறங்க ஏழெட்டு மாதம் ஆகும்.

கிண்ணத்துக்கு வெளியே தின்பது

ட்ரீட் கொடுப்பது தவறல்ல, அதைக் கணக்கில் சேர்க்காததுதான் தவறு. நாளின் கலோரியில் பத்து சதவீதத்துக்குள், அதாவது நம் பூனைக்கு 17 கிலோகலோரிக்குள் அடங்க வேண்டும். நூறு மில்லி பசும்பாலில் அறுபதுக்கு மேல் இருக்கிறது. நாள் பங்கில் மூன்றில் ஒன்று ஒரு கிண்ணம் பாலிலேயே போய்விடும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்கவும் செரிக்காது. வீட்டில் ஒருவர் வாயைக் கட்டச் சொன்னால் இன்னொருவர் ‘பாவம், பசியோடு பார்க்கிறது’ என்பார். பூனை காலை உரசுவது எப்போதும் பசியால் அல்ல, சும்மா வணக்கம் சொல்வதற்கும் உரசும்.

இரண்டு பூனை இருந்தால் தனித்தனி அறையில் வைத்துக் கொடுத்து, இருபது நிமிடத்தில் கிண்ணத்தை எடுத்துவிடுங்கள். ஒல்லிப் பூனையின் மிச்சம் எங்கே போகிறது என்பது உங்களுக்கே தெரியும்.

நாள் முழுக்கக் கிண்ணம் நிரம்பியிருப்பதும் வேண்டாம், ஒரே வேளையாகக் கொட்டுவதும் வேண்டாம். பூனை இயல்பிலேயே கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை தின்னும் பிராணி, ஓர் எலியில் அதற்குக் கிடைப்பது ஏறக்குறைய 30 கிலோகலோரி. அதே பங்கை நான்கைந்து வேளையாகப் பிரித்தால் விடிகாலை நான்கு மணி கத்தல் குறைகிறது. நேரம் வைத்துத் திறக்கும் தானியங்கிக் கிண்ணம் எங்கள் தூக்கத்தைக் காப்பாற்றியது.

வெறும் கோழிக்கறியும் சைவமும்

‘பாக்கெட் தீனியே வேண்டாம், அவித்த கோழி போதும்’ என்பது நல்லெண்ணத்தில் செய்யும் தவறு. எலும்பில்லாத கறியில் கால்சியம் மிகக் குறைவு, வேறு சத்துகளும் விடுபடும். ஈரலையே தினம் போட்டால் வைட்டமின் ஏ அளவு மீறும். வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். எடைக்காகச் சைவத்துக்கு மாற்றுவதோ நாயின் தீனியைப் பகிர்வதோ இன்னும் மோசம். டாரின் என்ற சத்தைப் பூனையால் போதுமான அளவு தானே தயாரிக்க முடியாது, இறைச்சியிலிருந்துதான் வர வேண்டும். அது குறைந்தால் பார்வை போகும், இதயத் தசை தளரும். கடைத் தீனிகளிலேயே டாரின் போதாமல் பூனைகளுக்கு இதயம் வீங்கியது 1987இல்தான் தெரிய வந்தது, அதன் பிறகே நிறுவனங்கள் கூட்டிச் சேர்க்கத் தொடங்கின. வீட்டிலேயே சமைப்பதென்றால் கால்நடை ஊட்டச்சத்து நிபுணர் எழுதித் தரும் அளவுப்படி மட்டும்.

இன்சுலின் போடும் பூனையின் தீனியை உங்கள் இஷ்டத்துக்கு மாற்றாதீர்கள். மாவுச்சத்து குறைந்ததும் இன்சுலின் தேவையும் குறையும், பழைய அளவே போட்டால் சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடும். சிறுநீரக நோய் உள்ள பூனை, சினைப் பூனை, குட்டி ஆகியவற்றுக்கும் இந்தக் கட்டுரையின் கணக்கு பொருந்தாது.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, அதே தராசில், சாப்பாட்டுக்கு முன் எடை பாருங்கள். குளியலறைத் தராசு முப்பது கிராம் வித்தியாசத்தைக் காட்டாது, குழந்தைகளை நிறுக்கும் தராசு நல்லது. ஒரு மாதமாக முள் நகராவிட்டால் முதலில் வீட்டில் யார் என்ன கொடுக்கிறார்கள் என்று விசாரியுங்கள். அதன் பிறகும் நகராவிட்டால் மருத்துவரிடம் கேட்டு ஐந்து முதல் பத்து சதவீதம் குறையுங்கள். இலக்கை எட்டிய அன்று பழைய அளவுக்குத் திரும்பிவிடாதீர்கள், அந்த அளவுதான் பூனையைக் குண்டாக்கியது. பத்து சதவீதம் கூட்டி, இரண்டு வாரம் எடை பார்த்து, இன்னும் இறங்கினால் மறுபடி கொஞ்சம் கூட்டுங்கள். எங்கள் பூனை நின்ற இடம் 52 கிராம். கப்பில் கை தாராளமாக அள்ளிய அதே 52தான், ஆனால் அப்போது அது ஒரு வேளைக்கு, இப்போது ஒரு நாளைக்கு.