செருப்பு வைக்கும் இடத்தில் ஒரு பாறைக்குட்டை

வீட்டுக்கு வருகிறவர்கள் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு முதலில் கேட்பது "மீன் எங்கே?" அடுத்தது "ஹீட்டர் எங்கே?" இரண்டும் கிடையாது. இது, கடல் வற்றும்போது பாறைக்குழிகளில் தேங்கி நிற்கும் குட்டையைப்போல, வீட்டுக்குள் வைத்த குளிர்ந்த கடல்நீர்த் தொட்டி. எங்கள் தொட்டியில் ஐந்து இறால், நாலு கடல் சாமந்தி (பூப்போல விரியும் ஒரு விலங்கு), காலி நத்தைக்கூட்டில் குடியிருக்கும் ஒரு துறவி நண்டு, கொஞ்சம் நத்தை, கட்டைவிரல் நகத்தளவு நட்சத்திர மீன் இரண்டு இருக்கின்றன. தண்ணீரைச் சூடாக்க ஒன்றும் இல்லை. குளிர வைக்கத்தான் ஒரு மெஷின் ராப்பகலாக முனகிக்கொண்டிருக்கிறது.

நான் இருப்பது இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், பிளிமத்தில். ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி. விடிகாலையில் வீடு திரும்பினால் உடனே தூக்கம் வராது. பின்கதவுப் பக்கம், செருப்பு வைக்கும் இடத்தில் ஒரு முக்காலியைப் போட்டு தொட்டி முன்னால் உட்கார்ந்துவிடுவேன். 2021-ல் தொடங்கிய பழக்கம். இங்கிலாந்து, அயர்லாந்து, நார்வே என்று குளிர்ந்த கடலோரத்தில் இருக்கும் நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். சென்னையில் செய்யலாமா என்று என் தம்பி கேட்டான். அங்கே கடலே 28 டிகிரியை ஒட்டி இருக்கும். அந்த வெயிலில் தண்ணீரை 14-க்கு இறக்கி வைத்தால் கரண்ட் பில் உன்னைக் கடலுக்கே அனுப்பிவிடும் என்றேன்.

முதலில் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். பாறைக்கரையில் எல்லா உயிரும் ஒரே மட்டத்தில் வாழ்வதில்லை. மேல்மட்டத்தில், கடல் வற்றியதும் மணிக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் கிடப்பவை சூட்டையும் குளிரையும் உப்பு ஏறி இறங்குவதையும் தாங்கிப் பழகியவை. கீழ்மட்டத்தில், மாதத்தில் சில நாள் மட்டும் தலைகாட்டும் பாறைகளில் இருப்பவைக்கு அந்தப் பழக்கமே கிடையாது. ஒன்றை எந்த உயரத்தில் எடுத்தீர்கள் என்பதை வைத்தே அது உங்கள் வீட்டில் நிலைக்குமா என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் கொஞ்சம் கேவலமானது. முதல் வருடம் சில்லர் (தண்ணீரைக் குளிர வைக்கும் அந்த மெஷின்) வாங்காமல், தண்ணீர் மேல் சின்ன ஃபேன் ஒன்றை ஓடவிட்டுச் சமாளித்தேன். ஃபேன் இரண்டு மூன்று டிகிரி குறைக்கும், பொய்யில்லை. ஆனால் 2022 ஜூலையில் வந்தது வேறு வெயில். ஜூலை 19-ஆம் தேதி லிங்கன்ஷயரில் கோனிங்ஸ்பி என்ற ஊரில் 40.3 டிகிரி பதிவானது. இந்த நாட்டின் வரலாற்றிலேயே அதுதான் உச்சம். எங்கள் பக்கம் அவ்வளவு இல்லை. ஆனாலும் இங்கே வீடுகளில் ஏசி கிடையாது. தொட்டி 24-ஐத் தொட்டது. தண்ணீர் பாட்டில்களை ஃப்ரீசரில் உறைய வைத்து மிதக்கவிட்டேன். 19-க்கு இறங்கும், பாட்டில் உருகியதும் மறுபடி ஏறும். அந்த ஏற்ற இறக்கம் சூட்டைவிட மோசம். கீழ்மட்டத்தில் ஆசைப்பட்டு எடுத்துவந்த ஆரஞ்சு நிறப் பெரிய நட்சத்திர மீன் முதலில் துவண்டது. பிறகு ஒவ்வொரு கையாகக் கழன்றது. நான் டியூட்டியில் இருந்த இரவில் அது செத்து அழுக, தண்ணீரே கலங்கிப்போய் மூன்று இறாலும் போய்விட்டன. கடல் சாமந்திகள் சிவப்பு ஜெல்லி உருண்டைபோலச் சுருங்கி ஒரு வாரம் அப்படியே இருந்தன. வெயில் தணிந்ததும், ஒன்றுமே நடக்காததுபோல் விரிந்தன. அவை மேல்மட்டத்தவை.

ஆகவே சில்லர் இல்லாமல் தொடங்காதீர்கள். தொட்டியைவிட அதற்குத்தான் காசு அதிகம் போகும். பழையதாகக் கிடைத்தாலும் வாங்கலாம். பிளிமத் கடல் பிப்ரவரி, மார்ச்சில் 9 டிகிரிக்கு வரும், ஆகஸ்டில் 16, 17. நான் குளிர்காலத்தில் 12, கோடையில் 15 என்று வைக்கிறேன். குட்டி ஃப்ரிட்ஜில் ஓட்டை போட்டு உள்ளே குழாயைச் சுற்றி வைக்கலாம் என்று ஒரு யோசனை சுற்றிக்கொண்டே இருக்கிறது. செய்யாதீர்கள். ஓயாமல் வந்துகொண்டிருக்கும் சூட்டை இழுக்கும் வேலைக்கு அந்த கம்ப்ரசர் செய்யப்படவில்லை. சில்லரை அலமாரிக்குள் பூட்டியும் வைக்காதீர்கள். தண்ணீரிலிருந்து எடுத்த சூட்டை அது அறைக்குள்தான் கக்குகிறது, காற்று போக இடம் வேண்டும்.

தொட்டி உயரமாக இருப்பதைவிட அகலமாக இருப்பது நல்லது. எங்களுடையது 90 செ.மீ. நீளம், 45 அகலம், 30 உயரம். கணக்குப்படி 120 லிட்டர். கல்லெல்லாம் போக நூறு இருக்கலாம். கல்லும் தண்ணீரும் சேர்ந்து 150 கிலோவைத் தாண்டும் என்பதால் தரைத்தளம், சிமெண்ட் தரை, வடக்குச் சுவர் என்று தேடியபோது செருப்பு வைக்கும் இடம்தான் அமைந்தது. கண்ணாடியைவிட அக்ரிலிக் குளிரை நன்றாகப் பிடித்து வைக்கும். எங்களுடையது கண்ணாடி. அதனால் பக்கத்துச் சமையலறையில் இட்லி வேகும்போதெல்லாம் வெளிப்பக்கம் முழுக்க வியர்த்து, உள்ளே ஒன்றும் தெரியாது. சமைக்கும்போது அந்தக் கதவை மூடிவிடுகிறோம், அவ்வளவுதான். உள்ளே நீரோட்டம் பலமாக வேண்டும். ஒரு ஃபில்டரோடு தனியாக ஒரு பம்ப்பும் வைத்துச் சுவரில் மோதும்படி திருப்பிவிடுங்கள். மின்வயர்கள் பிளக்குக்குப் போகும் முன் கீழே தொங்கி ஏறட்டும். இல்லையென்றால் உப்புத் தண்ணீர் வயர் வழியே ஓடிப் பிளக்கைத் தேடிப்போகும்.

தண்ணீர். கல்லுப்பைக் கரைத்து ஊற்றினால் ஆகாது, கேட்டுவிடாதீர்கள். அக்வேரியத்துக்கென்று விற்கும் கடலுப்புக் கலவையை லிட்டருக்கு 35 கிராம் அளவில் கரைக்கலாம். கடல் பக்கத்திலேயே இருக்கும்போது நான் கடல்நீரைத்தான் எடுக்கிறேன்: துறைமுகத்திலிருந்தும் ஆற்று முகத்திலிருந்தும் விலகிய இடம், மழை விட்டு இரண்டு மூன்று நாள் கழித்து, கடல் ஏறும் நேரம். 25 லிட்டர் கேன் ஒன்றைத் தூக்கினால் இடுப்பு பேசும். இரண்டு நடை இவர் (வீட்டுக்காரர்), இரண்டு நடை நான். பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஐந்தில் ஒரு பங்கு மாற்றுகிறோம்.

ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்கிவிடும். அதனால் குறையும் அளவை நல்ல தண்ணீரால் ஈடு செய்ய வேண்டும், உப்புத் தண்ணீரால் அல்ல. கண்ணாடியில் ஒரு டேப் ஒட்டி மட்டத்தைக் குறித்துவிட்டால் வேலை எளிது. குழாய்த் தண்ணீரில் குளோரின் மட்டும்தான் பிரச்சினை என்று நினைத்திருந்தேன். எங்கள் ஊர்த் தண்ணீர் டார்ட்மூர் மேட்டுநிலத்தின் பரேட்டர் நீர்த்தேக்கத்திலிருந்து வருகிறது. மென்மையான தண்ணீர், பழைய வீட்டுச் செம்புக் குழாயில் இரவெல்லாம் தேங்கினால் செம்பைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். செம்புக் குடத்துத் தண்ணீர் நமக்கு நல்லது என்பாள் அம்மா. இறாலுக்கும் நத்தைக்கும் அது விஷம். இப்போது ஆர்.ஓ. தண்ணீர்தான். மீன் வியாதிக்கு விற்கும் செம்பு மருந்துகளையும் இந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் கொண்டு வராதீர்கள். நர்ஸாக இன்னொன்று: சானிடைசர் போட்ட கையை உள்ளே விடாதீர்கள். வெறும் தண்ணீரில் நன்றாகக் கழுவி, முழங்கைவரை ஈரமாக்கிக்கொண்டு விடுங்கள்.

தொட்டி தயாரானதும் உடனே உயிர்களை விடக்கூடாது. கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரைட்டாக்கி, அதையும் நைட்ரேட்டாக்கும் பாக்டீரியா முதலில் வளர வேண்டும். குளிரில் இவை மந்தம். அதனால் சில்லரை அணைத்து வைத்து, அறைச் சூட்டிலேயே ஒரு துண்டு இறாலை அழுகவிடுங்கள். நாற்றத்துக்குக் குடும்பத்திடம் முன்னாலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்ளுங்கள். எங்களுக்கு ஐந்து வாரத்தில் அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்தன. அப்புறம் நாளுக்கு ஒரு டிகிரியாகக் குளிர வையுங்கள்.

இனி கரைக்குப் போகலாம். எங்கள் சமையலறைச் சுவரில் ஊரிலிருந்து வந்த நாள்காட்டி தொங்குகிறது. அமாவாசையும் பௌர்ணமியும் கழிந்து ஓரிரு நாளில் கடல் மிகக் கீழே வற்றும். பிளிமத்தில் அந்த நாட்களில் வற்று மதியச் சாப்பாட்டு நேரத்தை ஒட்டி வரும், நைட் டியூட்டிக்காரிக்கு வசதி. சரியான நேரத்துக்கு ஓத அட்டவணையை (கடல் ஏறி வற்றும் நேரப் பட்டியல்) பாருங்கள். வற்றுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் இறங்கி, கடல் திரும்பியதும் நீங்களும் திரும்பிவிடுங்கள். நீரேற்றத்துக்கும் வற்றுக்கும் இங்கே நாலரை மீட்டருக்கு மேல் வித்தியாசம். பின்னால் தண்ணீர் சூழ்வது தெரியாது.

எங்கே எடுக்கலாம் என்று முதலில் விசாரியுங்கள். பக்கத்திலுள்ள வெம்பரி கரை அருமையானது. பாதுகாக்கப்பட்ட பகுதி, அங்கே நான் பார்ப்பதோடு சரி. 1850-களில் இதே டெவன் கரைகளைப் பற்றி எழுதி, அக்வேரியம் என்ற சொல்லையே பரப்பியவர் பிலிப் ஹென்றி காஸ். அதைப் படித்தவர்கள் கூட்டமாக வந்து சுரண்டியதில் குட்டைகள் வெறிச்சோடிப் போயின என்று அவர் மகனே பின்னாளில் வருந்தி எழுதினார். ஒரு நடைக்கு ஒரு வகையில் ஒன்றிரண்டு போதும். புரட்டிய கல்லை இருந்தபடியே கவிழ்த்து வையுங்கள். அடிப்பக்கம்தான் பலபேருக்கு வீடு.

எதை எடுப்பது? பீட்லெட் என்ற செங்கல் சிவப்புக் கடல் சாமந்திதான் முதல் ஆள். பாறையிலிருந்து பிய்க்காதீர்கள், அடிப்பாகம் கிழிந்துவிடும். சின்னக் கூழாங்கல்லில் ஒட்டியிருப்பதைத் தேடி, கல்லோடு எடுங்கள். 1828-ல் இயற்கை ஆய்வாளர் சர் ஜான் டாலியல் ஸ்காட்லாந்தில் நார்த் பெரிக் கரையில் எடுத்த ஒன்று, அவர் 1851-ல் காலமான பிறகும் கைமாறிக் கைமாறி 1887 வரை ஜாடியில் வாழ்ந்தது. அதற்குப் பாட்டி என்றே பெயர். அடுத்தது பாறைக்குட்டை இறால், விங்கிள் நத்தை, துறவி நண்டு. நண்டுக்குப் பெரிய காலிக்கூடு நாலைந்து போட்டு வையுங்கள், வளர வளர வீடு மாற்றும். எடுக்கக்கூடாதவை: பச்சை நண்டு (எல்லாவற்றையும் தின்னும், மூடியையும் தள்ளும்), லிம்பெட் (பாறையில் இறுக ஒட்டியிருக்கும் கூம்பு நத்தை, கரண்டி வைத்து நெம்பினாலே பாதி செத்த மாதிரி), கெல்ப் பாசி (அழுகும்), பெரிய நட்சத்திர மீன் (சொல்லிவிட்டேன்).

சாப்பாடு வாரத்துக்கு இரண்டு தடவை. மஸல் சிப்பியின் சதையை அரிசியளவுக்கு நறுக்கி, நீளமான இடுக்கியில் ஒவ்வொரு சாமந்தியின் கைகளிலும் தொட்டுவிடுவேன். ஒட்டிக்கொள்ளும், கைகள் மெல்ல மடிந்து நடுவாய்க்குக் கொண்டுபோகும். அதற்குள் இறால் வந்துவிடும். கண்ணாடி உடம்பு, கால் மூட்டுகளில் மட்டும் நீலமும் மஞ்சளும் பூசிய மாதிரி. சாமந்தியின் விளிம்பில் நின்று, சின்ன இடுக்கிக் கைகளை வாய்க்குள்ளேயே விட்டு, பாதி விழுங்கிய துண்டை உருவிக்கொண்டு பின்னால் பாய்ந்துவிடும். பந்தியில் பக்கத்து இலை அப்பளத்தை எடுக்கிற சாமர்த்தியம். அதனால் முதலில் இறாலுக்கு மறுமூலையில் ஒரு துண்டு போட்டுவிட்டுத்தான் சாமந்திக்கு வருகிறேன். இரண்டு மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள்.

ஒருநாள் மகள், இறால் செத்துப் போச்சு என்று அழுதுகொண்டே எழுப்பினாள். கல்லோரம் கிடந்தது அது கழற்றிப் போட்ட சட்டை, மீசை முதல் வால்வரை முழுசாக. சட்டைக்காரர் புது உடம்பு இறுகும்வரை கல்லுக்குப் பின்னால் ஒளிந்திருந்தார். எண்ணிப் பார்க்காமல் துக்கம் கொண்டாடாதீர்கள். விங்கிள் நத்தைகள் வேறு ரகம். மேல்மட்டத்துப் பிறவிகள், தண்ணீரைவிட்டு ஏறித் திரிவது அவற்றின் சுபாவம். மூடியில் ஒயர் போகும் சந்து வழியே ஒன்று வெளியேறி, இவருடைய வேலை ஷூவுக்குள் ஒரு பகல் முழுக்க இருந்திருக்கிறது. ஷூவும் தப்பித்தது, நத்தையும் தப்பித்தது. சந்தில் இப்போது ஸ்பாஞ்ச் அடைத்திருக்கிறேன்.

ஊருக்கு ஒரு மாதம் போகும்போது பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் சாவி கொடுத்துவிட்டுப் போவோம். அவருக்கு மூன்றே வேலை: டேப் கோடுவரை நல்ல தண்ணீர் ஊற்றுவது, சில்லரில் எண்ணைப் பார்ப்பது, வாரம் ஒரு தடவை நான் ஃப்ரீசரில் கட்டிவைத்த பொட்டலத்தில் ஒன்றை இறாலுக்கும் நண்டுக்கும் போடுவது. சாமந்தியைப் பட்டினி போடலாம், கொஞ்சம் இளைக்கும். அன்பு மிகுந்து அள்ளிப் போட்டால்தான் ஆபத்து.

உயிர்களைத் திரும்பக் கடலில் விடுவதானால் எடுத்த அதே கரையில், அதே மட்டத்தில் விடுங்கள். கடையில் வாங்கிய எதையாவது நடுவில் இந்தத் தொட்டியில் சேர்த்திருந்தால் விடவே கூடாது. நோயும் வேற்றிடத்து உயிரும் கூடவே இறங்கிவிடும். அதனால்தான் எங்கள் தொட்டியில் ஒரே கரையின் ஆட்கள் மட்டும். போன செப்டம்பரில் இரண்டு இறாலை விட்டுவிட்டு வந்தோம். பாசி ஓரமாக ஒதுங்கியதும் அவை எந்தப் பக்கம் இருக்கின்றன என்றே தெரியவில்லை.